எதிர்வீட்டு மஞ்சள் அசேலியா

எங்கள் தெருவில் அவரை ஹாரன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். டவுன் பஸ் ஓட்டியவர். மலைப்பாதையில் அத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் ஹாரனைத் தொட்டதே அபூர்வம் என்பதால் டிப்போக்காரர்கள் கேலியாக வைத்த பெயர். அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்தான் அவர் மனைவி. அக்கா விசில் கொடுத்தால்தான் அண்ணன் வண்டியை எடுப்பார், கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டுக்குள் அவர் அக்காவை 'கண்டக்டர்' என்பார். அக்கா அவரை 'டிரைவர்' என்பார்.

நான் எதிர்வீட்டில் தையல்கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஆஸ்பத்திரிக் கோட்டு, இப்படி மொத்த வேலை. என் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. மிதிக்கிற நேரமெல்லாம் கண்ணுக்கு எதிரே அவர்கள் தோட்டம்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அண்ணனுக்குப் பிடித்த பைத்தியம் ரோடோடென்ட்ரான். அந்தப் பெயர் என் வாயில் நுழையவே வெகுநாள் ஆயிற்று. தடித்த, தோல் மாதிரி இலை. கிளை நுனியில் பத்துப் பதினைந்து பூக்கள் சேர்ந்து ஒரு பெரிய பந்தாக நிற்கும். அசேலியா அதன் தங்கச்சி மாதிரி. குள்ளம், சின்ன இலை, ஆனால் பூக்கிற காலத்தில் இலையே தெரியாது. முதலில் வைத்த செடிகள் எல்லாம் செத்துப்போயின. வீடு கட்டியபோது கொட்டிய சுண்ணாம்பும் காரையும் மண்ணுக்குள் கிடந்ததால் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அண்ணன் அசரவில்லை. தரைக்கு மேல் கல் அடுக்கிப் பாத்தி கட்டினார். பைன் மர ஊசியிலைகளைச் சாக்குச் சாக்காக அள்ளி வந்து மக்க வைத்துக் கொட்டினார். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது என்று கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றினார். பக்கத்தில் யாரும் மண்வெட்டியோடு போகக்கூடாது. "வேர் பாய் மாதிரி மேலாகவே கெடக்கு, கொத்தினா போச்சு" என்பார். பூ வாடியதும் ஒவ்வொரு கொத்தாகப் பெருவிரலால் முறித்து எடுப்பார், அடியில் இருக்கும் மொட்டு நோகாமல். ஒரு மலைவளைவில் பஸ்ஸைத் திருப்புகிற அதே நிதானம்.

வாசல் பக்கம் மரம்போல் வளர்ந்த சிவப்பு ரோடோடென்ட்ரான் ஒன்று. பெஞ்சுக்கு அருகில் மஞ்சள் அசேலியா. அதற்கு மட்டும் வாசனை உண்டு. தெருமுனை வரைக்கும் வரும்.

அக்காவுக்கு ஞாபகம் கழன்றது மெதுவாகத்தான். முதலில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார். அப்புறம் என் பெயர் போயிற்று. பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம் டிக்கெட் கேட்க ஆரம்பித்தார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஒருநாள் திருதிருவென்று விழிக்க, அண்ணன் "எடுத்தாச்சுன்னு சொல்லிடுங்க சார்" என்று பின்னாலிருந்து ஜாடை காட்டினார். அதையும் சமாளித்தோம். பயமுறுத்தியது வேறொன்று. கையில் கிடைத்ததையெல்லாம் அக்கா வாயில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். என் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒருமுறை சட்டைப் பொத்தானை விழுங்கப் பார்த்தார். அண்ணன் மருந்துப் பெட்டியைப் பூட்டினார், சோப்பை ஒளித்து வைத்தார், சமையலறைக்குத் தாழ்ப்பாள் போட்டார். வீட்டுக்குள் நிழல்போலக் கூடவே திரிந்தார். தோட்டத்தில் மட்டும்தான் அவருக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம். வேலி இருந்தது, கேட் பூட்டியிருந்தது, அக்காவும் அங்கே அமைதியாக இருப்பார். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர் செடி பார்ப்பார்.

அது பூக்காலம். நான் ஒரு கோட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். அக்கா பெஞ்சில் இருந்தார், மடியில் என்னவோ மஞ்சளாக இருந்தது. அண்ணன் சாக்கு எடுக்கப் பின்பக்கம் போவதைப் பார்த்தேன். பாபினில் நூல் தீர்ந்துவிட்டது, மாற்றக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அக்கா ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் தலை தொங்குகிற விதம் சரியில்லை என்று பட்டது.

நான் தெருவைத் தாண்டுவதற்குள் அண்ணனும் வந்துவிட்டார். அக்காவின் வாயிலிருந்து எச்சில் கம்பியாக ஒழுகியது. நெற்றியெல்லாம் வேர்வை, கை ஐஸ். தூக்கி உட்கார வைத்ததும் வாந்தி எடுத்தார். பக்கவாதம் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணன் மடியைப் பார்த்தார். ஒரு கை நிறைய மஞ்சள் பூ. ஒவ்வொன்றிலும் அடிக்குழல் கடிபட்டிருந்தது. சின்னப் பிள்ளையில் பூக்காம்பைக் கிள்ளித் தேன் உறிஞ்சியிருப்போமே, அதைத்தான் செய்திருக்கிறார். மற்றதெல்லாம் மறந்து அது மட்டும் நினைவில் நின்றிருக்கிறது. உறிஞ்சியதோடு விடாமல் மென்றும் தின்றிருக்கிறார்.

அண்ணன் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"இது விஷம்" என்றார். "தேன், இலை, எல்லாமே விஷம்."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். கீழ்ச்சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, சுற்றித்தான் வரமுடியும், தாமதமாகும் என்றார்கள். என் கடை வேன் வாசலில் நின்றது. ஓட்டுகிற என் தம்பி காய்ச்சலில் படுத்திருந்தான். எனக்கு சைக்கிளே நேராக வராது. அண்ணன் ஸ்டியரிங்கைத் தொட்டு வெகுகாலம். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் சரியாக அமையவில்லை என்று மகள் கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டதிலிருந்து ஓட்டுவதே இல்லை. சாவிக்கு அவர் கை நீட்டியபோது நான் தயங்கினேன். தயங்குவதற்கும் நேரம் இல்லை என்று அவர் முகம் சொன்னது. கொடுத்துவிட்டேன்.

பின்னால் யூனிஃபார்ம் மூட்டைகளுக்கு நடுவில் அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்து நான் பிடித்துக்கொண்டேன். பூவில் கொஞ்சத்தை அண்ணன் தன் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. பழைய பாதை, காட்டுக்குள் இறங்குகிற குறுக்கு வழி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். நாடி ஒன்று அடிக்கும். அடுத்தது வருமா என்று காத்திருக்கவேண்டும். வரும். மறுபடி காத்திருக்கவேண்டும்.

"நாடி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"மெதுவா இருக்கு அண்ணே."

"இருக்கில்ல?"

"இருக்கு."

அந்த மனுஷர் அன்றைக்கு ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அழுத்தினார், நேர்ப்பாதையிலும் அழுத்தினார். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு முகத்தைக் கண்ணாடிக்கு வெகு அருகில் வைத்து ஓட்டியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வளைவில் எதிரே விறகு ஏற்றிய டெம்போ ஒன்று வந்தது. வண்டி பாறைப் பக்கம் உரசி நின்றது, பக்கக் கண்ணாடி ஒடிந்து விழுந்தது. டெம்போக்காரன் திட்டுவதற்கு வாயைத் திறந்தான். உள்ளே அக்கா கிடக்கிற கோலத்தைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்து வழிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப்பெண். அண்ணன் பையிலிருந்து கசங்கிய பூவை எடுத்து மேஜைமேல் வைத்து, பெயரைச் சொல்லி, தின்றிருக்கிறாள் என்றார். டாக்டர் இதுமாதிரி ஒரு கேஸ் பார்த்ததில்லையாம். ஆனால் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கையால் நர்ஸிடம் ஊசிக்கு ஜாடை காட்டிக்கொண்டே மறுகையால் விஷமுறிவு மையத்துக்குப் போன் போட்டாள். இந்தச் செடியின் நஞ்சு இதயத்தைத்தான் மந்தமாக்கும், ரத்த அழுத்தம் விழும், சரியான நேரத்தில் ஊசி போட்டால் பெரும்பாலும் ஒருநாளில் தெளிந்துவிடும் என்று எங்களிடம் சொன்னாள். 'பெரும்பாலும்' என்ற வார்த்தை என் மனசில் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

மகள் வந்தாள். கீழ் ஊரில் பல் செட் செய்கிற இடத்தில் வேலை அவளுக்கு. விரலில் பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவு காயாமலே ஓடி வந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அப்பாவுக்கு எதிரே நின்றாள். அவர் வண்டி ஓட்டி வந்ததைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"அப்பா, அது விஷச்செடின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"மொதல் செடி வாங்கினப்பவே. ஆடு மாடு கிட்ட விடாதீங்கன்னு நாற்றுக்காரர் சொன்னார்."

அவள் விரலில் இருந்த மாவைத் துடைத்தாள். பிறகு, சத்தம் போடாமல்தான் சொன்னாள். "சோப்ப ஒளிச்சு வெச்சீங்க. மருந்த பூட்டினீங்க. இத மட்டும் அம்மா பக்கத்துலயே வெச்சிருந்தீங்க."

"தோணலம்மா" என்றார் அண்ணன். "அது திங்கற பொருளாவே என் கண்ணுக்குத் தெரியல."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் உதவவில்லை.

உள்ளே மானிட்டரின் சத்தம் திடீரென்று இழுத்தது. நர்ஸ் ஓடினாள், டாக்டர் ஓடினாள், திரையை இழுத்தார்கள். இன்னொரு ஊசி. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, வண்டி வேகம் குறைய பிரேக்கில் கால் வைத்ததுபோல் வலதுகாலைத் தரையில் அழுத்தியபடியே நின்றார். மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் இருவருக்கும் நடுவில், யார் தோளைத் தொடுவது என்று தெரியாமல்.

சத்தம் மறுபடி சீரானது. பொழுது சாயும்போது அக்கா கண்ணைத் திறந்தார். டாக்டர் குனிந்து, "பாட்டிம்மா, என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். டாக்டர் என்ன சொல்வது என்று எங்களைப் பார்த்தாள். "எடுத்தாச்சுன்னு சொல்லிடுங்க" என்ற மகள், சிரிக்க ஆரம்பித்து அழுகையில் கொண்டுபோய் முடித்தாள்.

ஆனால் கோபம் அழுகையில் கரையவில்லை. அக்காவை அவள் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். தோட்டத்தில் ஒரே ஒரு செடி இருந்தாலும் அம்மா அந்த வாசலை மிதிக்கமாட்டாள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் மறுநாளே மஞ்சள் அசேலியாவை எடுத்தார். வெட்டவில்லை, சுற்றி மண்ணைக் கையால் விலக்கி, பாய் சுருட்டுவதுபோல வேரோடு சுருட்டி எடுத்தார். அதைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். அடுத்தநாள் வெள்ளை. அப்புறம் ஊதா. ஒவ்வொரு பாத்தியாக மொட்டையாவதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கடைசியில் அந்தச் சிவப்பு மரம் மட்டும் நின்றது. அதற்கு ரம்பம் வேண்டும். என்னிடம் வந்து, யாரிடமாவது கிடைக்குமா என்று விசாரித்தார்.

அன்று மத்தியானம்தான் மகள் போன் பண்ணினாள். அம்மாவைக் காணவில்லை.

மாடி வீட்டில் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லையாம். கதவைக் கதவை ஆட்டியிருக்கிறார், திரைச்சீலையைக் கிழித்திருக்கிறார், சாப்பிடவில்லை. மருமகன் பார்சல் ஒன்றை வாங்கக் கதவைத் திறந்த கணத்தில் வழுக்கி வெளியே போய்விட்டார். காலில் செருப்பு இல்லை. அந்தத் தெருவோ லாரி போகிற பெரிய சாலை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்தமுறை சாவி கேட்கவில்லை. தம்பிதான் ஓட்டினான்.

போகிற வழியெல்லாம் அண்ணனும் நானும் சாலையோரத்தைப் பார்க்கப் பயந்தோம். சந்தையில் தேடினோம். ஆற்றுப்பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தோம். மகள் மறுபக்கத்திலிருந்து தேடி வந்தாள், கூந்தல் அவிழ்ந்து, குரல் உடைந்து. அவளும் அப்பாவும் எதிரெதிரே பார்த்துக்கொண்டபோது யாருக்கும் குற்றம் சொல்லத் தெம்பில்லை.

டிப்போவின் வாட்ச்மேன்தான் கண்டுபிடித்தார். ஷெட்டில் நின்ற பழுது பஸ் ஒன்றில், கண்டக்டர் சீட்டில், கையை மடியில் கட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். பாதம் முழுக்க ரத்தம். அண்ணன் ஏறியதும் பார்த்து, "எங்க போனீங்க? வண்டி எப்பவோ எடுத்திருக்கணும்" என்றார்.

மகளால் அதற்குமேல் அம்மாவைத் தன்னோடு வைத்திருக்க முடியவில்லை. அன்றைக்கே எங்கள் தெருவுக்குக் கூட்டி வந்தாள். கேட்டைத் திறந்ததும் அக்கா நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். மொட்டைப் பாத்திகளைப் பார்த்தார், முகம் சுருங்கியது. பிறகு சிவப்பு மரத்தைப் பார்த்தார். உச்சியில் பூ இருந்தது. தோள் தளர்ந்தது, கை அடங்கியது. கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்திருந்தார். மகள் கேட்டருகிலேயே நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"அந்த ஒண்ணு இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "ஆனா கைக்கு எட்டக்கூடாது."

அண்ணன் ஏணி போட்டு, ஆள் கை உயர்த்தினாலும் எட்டாத உயரம்வரை கீழ்க்கிளைகளையெல்லாம் கழித்தார். அடியில் நெஞ்சளவுக்குக் கம்பிவலை கட்டினார். பூ தானாக உதிர்ந்து காற்றில் வந்துவிடுமே என்ற பயத்தில், வாடுவதற்கு முன்பே ஏணியில் ஏறி முறித்து எடுத்தார். காலையும் மாலையும் பெருக்கினார். தரையில் ஒரு சிவப்பு இதழ் கிடந்தாலும் பாம்பைக் கண்டதுபோல் பாய்வார். பூவை ரசிக்கிற மனுஷராக அவர் அப்புறம் இருக்கவே இல்லை, காவல்காரராக இருந்தார்.

காலியான பாத்திகளைப் பார்க்கச் சகிக்காமல் மகள்தான் நாற்றுக்காரரிடம் போனாள். அதே புளிப்பு மண்ணில் வளரக்கூடியது, பூக்கக்கூடியது, விஷமில்லாதது எது என்று கேட்டாள். அவர் கமேலியாவைக் காட்டினார். தேயிலைச் செடிக்குச் சொந்தக்காரி, இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்றாராம். பூவோடு இருந்த செடிகளை அவள் வாங்கி அனுப்பினாள். அண்ணன் வாங்கித் திண்டின்மேல் அடுக்கினார். நடவில்லை.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ மென்றுகொண்டிருந்தார். கையில் பாதிப் பூ. நான் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் மகளின் ஸ்கூட்டரும் வந்து நின்றது.

"என்ன பண்றீங்க?" என்று அவள் கத்தவில்லை, மூச்சுதான் வாங்கினாள்.

"தின்னு பாக்கறேன்."

"நாற்றுக்காரர்தான் சொன்னாரே."

"ஆடு மாடுன்னும் அவர்தான் சொன்னார். எனக்குப் புரிஞ்சுதா?" மீதிப் பூவையும் வாயில் போட்டு, ஒரு இலையையும் கிள்ளிச் சேர்த்துக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நடலாம். அதுவரைக்கும் கண்டக்டர உள்ளயே வெச்சுக்கோ."

மகள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டப்போகிறாள் என்று நான் ஒதுங்கினேன். அவள் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பூவைப் பறித்து, இதழ் இதழாகத் தின்றாள்.

"நீ எதுக்கு?" என்றார்.

"ரெண்டு பேர் தின்னா சந்தேகம் இருக்காது." கொஞ்சம் மென்றுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ருசியே இல்ல. வெறும் தண்ணி."

ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு வேலை ஓடவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஒருதடவை அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இன்னொரு தடவை அவர் அவளுடையதை. என்ன பேசினார்கள் என்று தெரியாது. உள்ளே அக்கா ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார், விடச்சொல்லி.

வெயில் இறங்கியதும் அண்ணன் எழுந்து நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார். பிறகு குழி எடுத்தார். மகள் செடியைத் தொட்டியிலிருந்து உருவிக் கொடுக்க, மண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலாகவே நிற்கும்படி வைத்தார்கள். கடைசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதும் மகள் உள்ளே போய்க் கதவைத் திறந்துவிட்டாள். அக்கா வந்து பாத்தியைப் பார்த்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் ஒரு வெள்ளைப் பூவைப் பறித்தார், முகர்ந்தார், வாசனை இல்லை என்றதும் மகளின் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அக்கா அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் இருந்தார். கடைசியில் நெஞ்சுச்சளிதான் கொண்டுபோனது, பூ இல்லை. அண்ணன் இன்னும் காலையும் மாலையும் அந்தச் சிவப்பு மரத்தடியைப் பெருக்குகிறார். வலையைப் பிரிக்கலாமே, இனி யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்றார்.